மேடைக்கல்லை இன்னும் முடிவு செய்யாதே

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகியும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன்; மன்னித்துக்கொள். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. சமையலறைக்குக் கல் பார்க்கப் போவதாக நீ எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் இன்று என்னை எழுத உட்கார வைத்தது.

சென்ற ஆண்டு எங்கள் சமையலறையைப் புதுப்பித்தபோது, அலமாரிக் கதவுகளை ஒரு நாளும் மேடைக்கல்லை வேறொரு நாளும் பார்த்து முடிவு செய்தோம். கதவுக்கு மரரேகை அழுத்தமாக ஓடும் லேமினேட். மேடைக்குக் கறுப்பும் பழுப்பும் சுழிசுழியாகக் கலந்த கிரானைட். தனித்தனியே இரண்டும் அழகுதான். ஆனால் கையளவு மாதிரித் துண்டில் அமைதியாகத் தெரிந்த கல், பத்தடி நீளத்துக்குக் கிடந்தபோது வேறு கல்லாகிவிட்டது. கதவும் கல்லும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அம்மா குறை சொல்லவில்லை. மேடையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்துத்தான் நறுக்குகிறார். அந்தக் கல்லில் சிந்தியது எது, கல்லின் புள்ளி எது என்று அவர் கண்ணுக்குப் பிரித்தறிய முடியவில்லை. அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

நீ ஷேக்கர் கதவு என்று எழுதியிருந்தாய், நல்ல தேர்வு. 1774-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஒரு சமயக் குழுவினர், அலங்காரத்தை ஒதுக்கிப் பயனை மட்டும் கருதிச் செய்த மரவேலையிலிருந்து வந்த பாணி அது. நான்கு பக்கச் சட்டமும் நடுவே தட்டைப் பலகையும் மட்டுமே உள்ள அக்கதவுக்கு மேல், வளைந்து நெளிந்த ஓரம் கொண்ட மேடை ஒட்டாது. முனையை மட்டும் லேசாக மழுக்கிய நேரான ஓரமே போதும். வளைவான ஓரம் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுக்கு உரியது.

வெள்ளை மார்பிள் வேண்டும் என்கிறாய். மிதிவண்டியில் ஒரு கீறல் விழுந்ததற்கு இரண்டு நாள் யாரோடும் பேசாதவள் நீ! மார்பிள் கால்சைட் என்ற மென்மையான கனிமத்தால் ஆனது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் ஏறக்குறைய 3 தான். எலுமிச்சைச் சாறு பட்டால் அந்த இடம் மங்கிவிடும். கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூசினால் கறை ஊறுவது குறையுமே தவிர, இந்த மங்கல் நிற்காது. அப்படியும் மார்பிள்தான் என்றால், பளபளப்பு ஏற்றாத மேற்பரப்பைக் கேள். அதில் தழும்பு அவ்வளவாகத் தெரியாது.

குவார்ட்ஸ் கல்தூளை ரெசின் என்ற பிசினால் பிணைத்துச் செய்யும் செயற்கைக் குவார்ட்ஸுக்குக் கறை பயம் குறைவு, ஆனால் அந்த ரெசின் சூட்டைத் தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைக்கலாகாது. அதைவிடப் பெரிய விஷயம், அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசு தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பது. அதற்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸைத் தடை செய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் பாய்ச்சித்தான் அறுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல். உன் வீட்டு வாசலில் உலர்வாக அறுக்க விடாதே.

கல்லை முதலில் முடிவு செய், கதவின் வண்ணத்தைப் பிறகு வைத்துக்கொள். வண்ணத்தைக் கலந்து மாற்றலாம், கல்லை மாற்ற முடியாது. வெள்ளையிலும் மஞ்சள் சாயல், நீலச் சாயல் என்று உண்டு; நீலச் சாயல் கல்லுக்குக் கீழே நீ நினைத்திருக்கும் வெண்ணெய் நிறம் அழுக்கேறியதுபோல் தெரியும். கடை விளக்கை நம்பாதே. விடுதி அறைக்கு வாங்கிய பச்சைத் திரை, கடையில் ஒரு நிறமாகவும் அறையில் வேறு நிறமாகவும் தெரிந்தது நினைவிருக்கிறதல்லவா? முழுப் பலகையையும் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒரு துண்டை வாங்கி வந்து உன் சமையலறையிலேயே மேடை உயரத்தில் படுக்க வை. கதவை அதன் கீழே நிமிர்த்தி நிறுத்து. ஒளி கல்லில் மேலிருந்தும் கதவில் பக்கத்திலிருந்தும் விழுவதால், இரண்டையும் கையில் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பது ஏமாற்றும்.

காலையில் ஒரு படமும், இரவு விளக்கில் ஒரு படமும் எடுத்து அனுப்பு. அவற்றைப் பார்த்து நான் எழுதும்வரை கடைக்காரரிடம் சரி என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் தோழி