அம்மாச்சியின் பிரசவ நோட்டு

அன்புள்ள தோழிக்கு,

நாங்கள் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? அம்மாச்சி இறந்த அன்று தொலைபேசியில் ஒற்றை வரி சொல்லிவிட்டு வைத்தவள், அதன் பிறகு நீ எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. மன்னித்துவிடு. வாயைத் திறந்தாலே அழுகை வந்தது. இப்போதும் பேசப் பயந்துதான் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். பந்தி பரிமாறிய பையனின் அம்மாவையே அவள்தான் வெளியே எடுத்தாளாம். மூன்றாம் பெஞ்சுக்காரியும் வந்திருந்தாள். நீ அவளுக்கு இன்னும் ஐந்து ரூபாய் பாக்கியாம், வட்டி போட்டு வைத்திருக்கிறாள். துக்க வீட்டிலும் கடனை மறக்காத பெண்!

எல்லோரும் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளைச் சேலைகளுக்கு அடியில் நான்கு நீள நோட்டுகள். அரசாங்கப் பதிவேடுகளை 1993 இல் ஓய்வுபெற்றபோதே ஒப்படைத்துவிட்டாள். இவை அவளுக்காக அவளே எழுதி வைத்தவை. தேதி, யார் வீடு, ஆணா பெண்ணா, எடை, தொப்புள்கொடி விழுந்த நாள். ஒரு பிரசவத்துக்கு ஒரு வரி.

இருபது வயதில் கைக்குழந்தையோடு தாலியை இழந்தவள் எப்படி இந்த வேலைக்கு வந்தாள் என்று நீ ஒருமுறை கேட்டாய். காந்திகிராமத்தில் கஸ்தூர்பா மருத்துவமனையைத் தொடங்கிய சௌந்திரம் அம்மாவைப் பார்த்துத்தான். அவரும் இளவயதில் கணவனை இழந்து, டெல்லிக்குப் போய்ப் படித்து, 1936 இல் டாக்டரானவர். "பெரிய வீட்டுப் பெண், படித்தாள் என்று ஊர் சொன்னது. நான் சின்னாளபட்டியில் தறிக்காரன் மகள். எனக்கும் படிக்கத் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது" என்பாள். செவிலியர் பயிற்சி முடித்து, சைக்கிள் பழகி, கரட்டுப் பாதையில் ஊர் ஊராகப் போனாள். ஓய்வுபெற்ற பிறகும் விட்டாளா? 1995 இல் முதல் போலியோ சொட்டு மருந்து முகாமில் நம் இருவரையும் வரிசை ஒழுங்குபடுத்த நிறுத்தினாளே, நினைவிருக்கிறதா? நீ குழந்தைகளைவிட உரக்கக் கத்தினாய்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது நோட்டில் சில வரிகள் சிவப்பு மையில் இருக்கின்றன. எல்லாம் பிறந்து ஏழு, எட்டு, ஒன்பதாம் நாளில் போன குழந்தைகள். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். அந்தக் காலத்தில் கொடியைக் கதிர் அரிவாளால் அறுப்பார்கள், காயத்தில் சாணமோ சாம்பலோ வைப்பார்கள். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தைக்குத் திடீரென்று தாடை இறுகிவிடும். பால் இறங்காது. உடம்பு வில்லாக வளைந்துவிடும். கர்ப்பிணிக்கு இரண்டு ஊசி போட்டால் போதும், தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும். ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில் ஊசி என்றாலே கருத்தடை ஊசி என்று ஊர் நடுங்கியது. சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தவர்கள் அம்மாச்சியின் பையையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தச் சிவப்பு வரிகளில் ஒன்று உன் வீடு.

1977, ஆவணி. ஆண். எட்டாம் நாள். அதற்குக் கீழே வேறொரு மையில், "மூன்று முறை போனேன். நான்காம் முறையும் போயிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள்.

உனக்கு ஓர் அண்ணன் இருந்தது உனக்குத் தெரியுமா? உன் அம்மா சொல்லியிருக்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தால் நான் சொல்லலாமா என்று பல இரவுகள் புரண்டு படுத்தேன். நோட்டை மூடி மறுபடி பெட்டியில் வைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். அடுத்த நோட்டைப் படித்த பிறகு முடியவில்லை.

1980. உன் வரி. "பெண். 2 கிலோ 900. தாய்க்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று. புது பிளேடு. கொடி ஆறாம் நாள் விழுந்தது." மற்றவர்களுக்கு ஒரு வரியோடு முடிகிறது. உனக்கு முடியவில்லை. "ஏழாம் நாள் பார்த்தேன். பால் குடிக்கிறாள். எட்டாம் நாள் பார்த்தேன். பால் குடிக்கிறாள். ஒன்பதாம் நாள் பார்த்தேன். பால் குடிக்கிறாள்." இப்படியே பதினைந்தாம் நாள் வரை, பக்கம் நிறைய.

நீ எங்கள் வீட்டுப் படியேறும்போதெல்லாம் பால் டம்ளரோடு உன்னைத் துரத்துவாளே. கல்லூரிக்குப் போன வயதிலும் விடவில்லை. பேத்தி நானிருக்க, ஆடை கட்டிய பால் உனக்குத்தான். எத்தனை நாள் அதற்காக உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்!

2015 இல் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாகச் செய்தி வந்தபோது, அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து உள்ளே போனாள், டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. இன்றுவரை அது என்னை அறுக்கிறது.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப மனம் வரவில்லை. முதலில் உன் அம்மாவிடம் பக்குவமாகக் கேள். அவருக்கும் பார்க்க வேண்டும் என்றால் தை மாதம் அவரையும் கூட்டிக்கொண்டு வா. வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் நானே வந்து நிற்கிறேன். நோட்டு அதுவரை அதே சேலைகளுக்கு அடியில் இருக்கும்.

வரும்போது அந்த ஐந்து ரூபாயையும் கொண்டுவா.

அன்புடன்,
உன் பழைய பங்காளி