டர்பனிலிருந்து செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். தேதி முடிவானதும் சொல், டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தைப்பூசக் காவடிக்காக வீட்டில் விரதம் நடக்கிறது. இவ்வளவு பெரிய கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீன் இல்லாமல் சாப்பிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தோடு என்ன சண்டை என்று கேட்டிருந்தாய். வைஃபை சண்டைதான். புதிதாக ஒரு பாதுகாப்புக் கொள்கை வந்திருக்கிறது. லேப்டாப் யாருடையதாக இருந்தாலும் அவர்கள் தரும் ஏஜென்ட் மென்பொருளைப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். ஆன்டிவைரஸ் இருக்கிறதா, அப்டேட் ஆகியிருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லுமாம். அதுவோ விண்டோஸுக்கான டாட் இஎக்ஸ்இ கோப்பு. என் லினக்ஸில் எப்படி ஓடும்? உதவி மையத்தில், நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன் ஒருவன் இருக்கிறான், தாத்தாவின் தமிழில் ‘வணக்கம்’ மட்டும் மிச்சம் வைத்திருப்பவன். விண்டோஸ் போட்டுவிட்டால் இரண்டு நிமிட வேலை என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னான். உபுண்டு என்ற லினக்ஸைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த்தின் நாட்டில் எனக்கு இந்தக் கதி! அந்தக் காலத்தில் தபால் செலவுகூட வாங்காமல் உபுண்டு சிடி அனுப்புவார்களே, நம் ஸ்டாஃப் ரூமுக்கு வரவழைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

நீ நெட்வொர்க் காக்கிற பக்கத்து ஆள், உன் நியாயமும் தெரியும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வந்தபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே அப்டேட் செய்யாத கணினிக்கு இடமில்லை என்றால் சரி. அவர்கள் வாங்கிய கணினியில் எதை வேண்டுமானாலும் போடட்டும், அதுவும் சரி. என் காசில் வாங்கிய கணினியில், எல்லா அதிகாரத்தோடும் ஓடுகிற, மூலநிரலைக் கண்ணில் காட்டாத ஒன்றைப் போடு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. அதுவும் காவலுக்கு வைத்த மென்பொருள்தான். லினக்ஸ் மட்டும் யோக்கியமா என்பாய். அதே வருடம் மார்ச்சில், லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் யாரோ ரகசியப் பின்கதவு வைத்தது தெரியவந்தது உண்மைதான். ஆனால் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர் திறந்த மூலநிரலுக்குள் புகுந்து தோண்டிப் பார்க்க முடிந்ததே!

பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான எடுரோம் வைஃபையின் கதையைக் கேள். போனில் இணைவதற்கு இவர்கள் கொடுத்த வழிகாட்டியில், இணைவது உண்மையான சர்வர்தானா என்று காட்டும் சான்றிதழ் என்ற இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. எதிர்க் கடையில் எவனாவது அதே பெயரில் ஒரு வைஃபை வைத்தால் போதும், போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதில் கடவுச்சொல்லைக் காக்கும் எம்எஸ்சாப்-வி2 முறையை உடைக்கலாம் என்று 2012-லேயே செய்து காட்டிவிட்டார்கள். நான் லினக்ஸில் சான்றிதழ்க் கோப்பைக் காட்டி, சர்வர் பெயரையும் எழுதித்தான் இணைந்துகொண்டிருந்தேன். என்னைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் வருகிறவன் செருப்பைச் சோதிக்கிற வேலை இது.

இப்போதைக்குப் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறேன். இங்கே டேட்டா விற்கிற விலைக்கு இது கட்டுப்படியாகாது. எழுத்தில் கொடுத்தால் கமிட்டியில் வைக்கிறேன் என்று துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். அப்டேட், ஃபயர்வால், டிஸ்க் என்கிரிப்ஷன் மூன்றையும் நிபந்தனையாக வைக்கட்டும், எந்த மென்பொருளால் அதைச் செய்வது என்பதை என்னிடம் விடட்டும் என்றுதான் எழுதப்போகிறேன். உங்கள் கல்லூரியில் பிள்ளைகளின் சொந்தக் கணினிகளுக்குத் நெட்வொர்க்கில் தனிப் பகுதியாக ஒரு விலேன் பிரித்ததாகச் சொன்னாயே, அந்த விதிமுறையின் நகலை அனுப்பு. தனியாகப் பிரித்த பிறகு உனக்கு வேலை கூடியதா குறைந்ததா என்பதையும் ஒளிக்காமல் எழுது, முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். கூட்டம் அடுத்த மாதம்.

அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

அன்புடன்,
ராகவன்