முனகாத கதவு

அன்புள்ள சொக்கு,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டுவாய், திட்டிக்கொள். உங்கள் ஆத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை மூக்கன் சொன்னான். இங்கே எல்லாரும் சுகம். அப்பத்தா இன்னும் மாத்திரையை வெற்றிலைப் பெட்டியில்தான் ஒளித்து வைக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் வீட்டில் பேய்ப்படம் எடுத்தார்கள். சிரிக்காதே. ஒழுகுகிற ஓடுகளை மாற்றப் பணம் கேட்டால் போனை எடுக்காத பங்காளிகள் பதினோரு புள்ளியும் ஷூட்டிங் வாடகை என்றதும் அரை மணி நேரத்தில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். நான் ஊரில் இருக்கிற பாவத்துக்கு, மேற்பார்வை என் தலையில்.

முதல் ஷாட்டை எங்கே வைத்தார்கள் தெரியுமா? திண்ணையில். நம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்களே, வாசல்படியிலிருந்து பின்கட்டு வரைக்கும் கதவுக்குள் கதவாக ஒரே நேர்கோட்டில் தெரியும், அதுதான். முகப்பு இருட்டு, வளவு முற்றத்தில் கொஞ்சம் வெளிச்சம், மறுபடி இருட்டு, கடைசியில் தபால்தலை அளவுக்குப் பின்வாசல். கேமரா அதற்குள் மெதுவாக நகர்கிறது, அவ்வளவுதான். ஆள் கிடையாது, வெள்ளைப் புடவை கிடையாது. மானிட்டரில் பார்த்த எனக்கு, தவழ்ந்து வளர்ந்த வீட்டிலேயே வயிற்றைப் பிசைந்தது. என் கால் போகிற வேகத்தில் அந்தக் கேமரா போகவில்லை, அதுதான் காரணம். மனுஷன் அப்படி நடக்க மாட்டான். அப்படியானால் நடக்கிறது யார்?

இதைச் சவுண்டு பார்க்க வந்த பையனிடம் சொன்னேன். சின்னப் பையன், தாடி மட்டும் பெரிசு. ‘யார் பார்க்கிறார்கள்னு நீங்க கேக்க ஆரம்பிச்சுட்டா எங்க வேலை பாதி முடிஞ்சுதுண்ணே’ என்றான். பிடித்தது எனக்குப் பைத்தியம். பத்து நாளாக ராத்திரியில் பேய்ப்படங்களின் முதல் பத்து நிமிஷத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவை சத்தத்தோடு, ஒரு தடவை சத்தமில்லாமல். என் வீட்டுக்காரி தனி அறைக்குப் போய்விட்டாள்.

‘ஜாஸ்’ ஞாபகம் இருக்கா? வாடகை டெக்கில் பார்த்துவிட்டு, மூக்கன் ஊருணியில் இறங்க மாட்டேன் என்று இரண்டு மாதம் கிணற்றடியிலேயே குளித்தானே! 1975 படம். தொடக்கத்தில் சுறா கண்ணிலேயே படாது. நீந்துகிற பெண்ணைத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேமரா அண்ணாந்து பார்க்கும், ஜான் வில்லியம்ஸ் இரண்டே இரண்டு சுரத்தை மாற்றி மாற்றி உருட்டுவார். செய்து வைத்திருந்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் மக்கர் பண்ணியதால் அதை அதிகம் காட்ட முடியாமல் போனதும் நல்லதாகப் போயிற்று. ஆனால் இப்போது பார்த்தால் என்னை உலுக்கியது அந்த இரண்டு சுரம்கூட இல்லை, அவள் உள்ளே போன பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரிக் கிடக்கிற கடல்தான். மூக்கன் அன்றைக்குக் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். பொத்த வேண்டியது காதை.

1978இல் வந்த ‘ஹாலோவீன்’ இன்னும் அநியாயம். ஒரு வீட்டைச் சுற்றிக் கேமரா நடக்கிறது, ஜன்னலில் எட்டிப் பார்க்கிறது, சமையல்கட்டில் நுழைந்து கத்தியை எடுக்கிறது, மாடிப்படி ஏறுகிறது. முகமூடி மாட்டியதும் திரையே இரண்டு கண் ஓட்டையாகச் சுருங்கிவிடும், காதில் மூச்சுச் சத்தம் மட்டும். கொலை முடிந்து வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றினால் ஆறு வயதுப் பையன். இவ்வளவு நேரமும் அவன் கண்ணில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம்தானே, அந்தக் கூச்சம் படம் முடிகிற வரைக்கும் போகாது.

‘தி ஷைனிங்’ (1980) பட்டப்பகல். மலைப்பாதையில் ஒரு மஞ்சள் கார் போகிறது, ஹெலிகாப்டரிலிருந்து கேமரா பருந்து மாதிரி அதைத் துரத்துகிறது. அழகான ஏரி, அழகான மலை. பின்னால் சிந்தசைசரில் ஓடுகிற மெட்டு, கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்கான பூசையில் பாடிவந்த ‘டியஸ் இரே’. நமக்குச் சங்கும் சேகண்டியும் எப்படியோ அப்படி. காரில் போகிறவனுக்கு முன்கூட்டியே சங்கு ஊதுகிறார்கள்!

இத்தாலிக்காரர்கள் எடுத்த ‘சஸ்பீரியா’வில் (1977) விமான நிலையத்துத் தானியங்கிக் கதவு திறந்தால் மழையும் இசையும் உள்ளே பாயும், மூடினால் நின்றுவிடும். பேய் கதவுக்கு வெளியே நிற்கிறது என்று காதுக்கு மட்டும் சொல்லிவிடுகிறார்கள். நம் ஆட்களுக்கும் காது உண்டு. 1970இல் ‘நடு இரவில்’ எடுத்த எஸ்.பாலசந்தர் வீணை வித்வான், படத்துக்கு இசையும் அவரே.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. டைரக்டருக்கு நம் நிலைக்கதவு ‘கிரீச்’ என்று முனக வேண்டும். அது முனகவில்லை, வெண்ணெய் மாதிரித் திறந்தது. நாலு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, பின்கட்டுக் கிணற்றுக் கப்பியைச் சுற்றி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனார்கள், கதவின்மேல் ஒட்டிக்கொள்வார்களாம். அப்பத்தாவுக்கு ஒரே கோபம். ‘அறுபது வருசமா நான் எண்ணெய் விடுற கதவு. முனகுதுன்னு ஊரெல்லாம் காட்டுனா என்னையத்தானே நாறச் சொல்லுவாக?’ பேய் வீடு என்று காட்டுவதில் அவளுக்கு ஆட்சேபணையே இல்லை.

இனி சொல்லப்போவதுதான் எழுத வைத்தது. கடைசி நாள் ராத்திரி, யூனிட் மொத்தத்தையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு அந்தப் பையன் ‘ரூம் டோன்’ எடுத்தான். ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் இருக்குமாம், அதைத் தனியாகப் பிடித்து வைத்து வசனத்துக்கு அடியில் விரிப்பார்களாம். இரண்டாங்கட்டில் மைக்கை வைத்து, ஹெட்போனை என் காதில் மாட்டினான். முதலில் புஸ் என்று காற்று. புறா ஒன்று சிறகை உதறியது. அப்புறம் மேலேயிருந்து பொடிப்பொடியாகத் தட்டுகிற சத்தம், அரிசியை முறத்தில் விசிறின மாதிரி. நிற்கும், மறுபடி தட்டும். எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று.

மறுநாள் ஆசாரியைக் கூட்டி வந்தேன். உத்திரத்தில் உளியை லேசாக வைத்தார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. செல்லு, கரையான்தான். முன்கட்டு பர்மா தேக்கு, அதற்கு ஒன்றுமில்லை. இது ஐயாவுக்கு அப்புறம் செலவைக் குறைக்க மாற்றிய நாட்டு மரம். ஆபத்து என்றால் கரையானில் சிப்பாய்கள் தலையை மரத்தில் முட்டிக் கூட்டத்துக்குச் சேதி சொல்லுமாம். அன்றைக்கு லைட்டும் ஜெனரேட்டருமாக நாங்கள் போட்ட ஆட்டத்தில் அதுகள் பயந்துபோய்த் தட்டியிருக்கின்றன.

சொக்கு, உங்கள் வீட்டுத் தூண்களை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் விற்பனைக்குப் படுக்கப் போட்டிருந்ததை நாம் இரண்டு பேரும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டீ குடித்துவிட்டு வந்தோமே. அன்றைக்கு உனக்கு என்ன இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பையனிடம் கேட்டு அந்த நாற்பது விநாடியை வாங்கி, பங்காளிகள் வாட்சப் குரூப்பில் போட்டேன். ஒன்றும் எழுதவில்லை, சத்தத்தை மட்டும். இரண்டு நாளாகியும் ஒரே ஒரு பதில்தான்: ‘படத்தோட மியூசிக்கா அண்ணே? சூப்பரா மிரட்டுது.’

உனக்கும் அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன் போட்டுக் கேள், கேட்டுவிட்டுப் போன் பண்ணு.

உன்,
அழகு