பொறியியல் பீடத்தில் துறைத் தெரிவும் கிழக்கு மாணவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல்கலைக்கழக அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பொறியியல் பீடத்துக்குத் தெரிவான பிள்ளையின் படம் பாடசாலை வாயிலில் பதாகையாகத் தொங்குகிறது. ஆனால், அந்தப் பிள்ளை எந்தத் துறையில் பொறியியலாளராவார் என்பது எப்போது, எதைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது என்பது பெற்றோருக்கும், பல வேளைகளில் ஆசிரியர்களுக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களில் மாணவர்கள் முதலில் பொதுப் பாடங்களைக் கற்கிறார்கள். அவற்றில் பெறும் ஜி.பி.ஏ.யையும் (பாடப் பெறுபேறுகளின் சராசரிப் புள்ளி), தாம் கொடுக்கும் விருப்ப வரிசையையும் கொண்டே அவர்கள் கணினி, இலத்திரனியல், குடிசார், இயந்திரம் முதலான துறைகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். கணினித் துறையைக் கேட்பவர்கள் அதிகம், இடங்களோ மட்டானவை.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் எமது மட்டக்களப்பும் அம்பாறையும் அடங்கும். இந்த ஏற்பாடு பீடத்தின் வாசல்வரைதான் கூடவரும். உள்ளே துறை பிரிக்கும்போது, கொழும்பில் ஆங்கிலமொழி மூலம் படித்தவரும் வெல்லாவெளியில் தமிழ்மொழி மூலம் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அது தவறென்று நான் கூறவில்லை. துறைத் தெரிவுக்கும் கோட்டா கேட்பது எமது பிள்ளைகளின் மதிப்பையே குறைக்கும். எனது கவலை வேறு. அந்த வரிசையை முடிவுசெய்யும் மாதங்களே, எமது பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முறையாக முழு விரிவுரையையும் ஆங்கிலத்தில் கேட்டுப் பழகும் மாதங்களாகவும் அமைந்துவிடுகின்றன.

என்னிடம் இணைந்த கணிதம் படித்த மாணவி ஒருவர் முதலாவது விடுமுறையில் தமது குறிப்புக் கொப்பிகளைக் கொண்டுவந்து காட்டினார். இடப்பக்கத்தில் பலகையைப் பார்த்து எழுதிய ஆங்கில வரிகள் பல இடங்களில் பாதியில் நின்றிருந்தன. வலப்பக்கத்தில், இரவில் விடுதித் தோழிகளிடம் கேட்டுப் பென்சிலால் எழுதிய தமிழ் விளக்கங்கள் இருந்தன. நிலையியல் கணக்குகளில் அவர் எங்கும் தடுமாறவில்லை. உயர்தரத்தில் நன்றாகச் செய்து பழகியவைதாம் அவை. கணினி நிரல் எழுதப் பழகும் நிரலாக்கப் பாடத்தில்தான் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. விளக்கம் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்ததால், எதை எழுதுவது என்றே பிடிபடவில்லை என்றார். அவர் விரும்பியதோ கணினித் துறை. இரண்டாம் ஆண்டில் அவரது பெறுபேறு நன்றாக உயர்ந்தது. அதற்குள் அவருக்கு வேறு துறை ஒதுக்கப்பட்டுவிட்டது.

ஒதுக்கிய பிறகு துறை மாறுவது எளிதல்ல. விஞ்ஞான பீடத்தில் சேர்ந்துவிட்டுப் பொறியியலுக்கு மாற நினைப்பவருக்கோ அது இன்னும் கடினம். மறுபடியும் உயர்தரப் பரீட்சைக்கே திரும்புவோர் உண்டு, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு அதிலும் மூன்று தடவை என்ற எல்லை உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் வழி இருப்பதையும், அதற்கு மட்டக்களப்பில் நிலையம் இருப்பதையும் எமது பாடசாலைகள் எடுத்துச் சொல்வது குறைவு.

கணினித் துறை கிடைக்காதவர் தோற்றவர் என்ற பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் சேனாநாயக்க சமுத்திரமும் இருக்கும், மாரி வெள்ளம் வயலுக்குள் ஏறும் மண்ணில் குடிசார் பொறியியலாளருக்கு வேலை இல்லாமற் போகாது. ஆயினும் ஒரு துறையைப் பிள்ளை தானே விரும்பி எடுப்பதும், முதல் மாதங்களின் மொழித் தடுமாற்றத்தால் அதற்குள் தள்ளப்படுவதும் ஒன்றல்ல.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எமது வலயக் கல்வி அலுவலகங்களும் பழைய மாணவர் சங்கங்களும், தற்போது பொறியியல் பீடங்களில் படிக்கும் எமது பிரதேச மாணவர்களின் உதவியுடன், முதலாம் ஆண்டுக் கணிதம், இயக்கவியல், நிரலாக்கம் ஆகியவற்றை ஆங்கிலத்திலேயே கேட்டுக் குறிப்பெடுக்கும் வகுப்புகளை அந்த இடைவெளியில் நடத்தலாம். பொது ஆங்கில வகுப்பு இதற்குப் போதாது; விரிவுரையின் வேகத்தில் கேட்கும் பழக்கமே தேவை. கல்முனை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆகிய இடங்களில் தொடங்கினாலே பல கிராமங்களின் பிள்ளைகள் வந்துபோக முடியும்.

பீடங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு துறைக்கும் முந்திய ஆண்டுகளின் மாணவர் அணிகளில் கடைசியாக இடம் பெற்றவரின் ஜி.பி.ஏ. எவ்வளவு என்பதைப் புதிய மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே அறிவிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஏதாவது துறையில் இடம் வெறுமையானால், அதுவரை பெற்ற முழுப் பெறுபேற்றையும் கணக்கிலெடுத்து விண்ணப்பம் கோர வேண்டும். அடுத்த அணி பதிவுசெய்யப்படுவதற்கு முன்னரே இது பற்றி முடிவெடுக்குமாறு பீடங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இணைந்த கணித ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.