ஆயிரத்துப் பதினேழு படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போன் என்றால் நீ பாதியிலேயே "சுகர் செக் பண்ணீங்களாப்பா" என்று ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுபோகும். அதனால்தான் கடிதம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடை இரண்டும்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை, மூன்று நாளாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்க அம்மா கை கொடுக்கிறாள், கொடுக்கும்போது சிரிக்கவும் செய்கிறாள்.

போன சனிக்கிழமை அய்யர்மலை ஏறினேன். ரோப் காரில் இல்லை. படியில்.

அய்யர்மலை எது என்று உனக்குத் தெரியும். கரூர் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது குளித்தலை வந்ததும் தெற்கே எட்டிப் பார்ப்பாயே, வயல்வெளி முடிகிற இடத்தில் துணைக்கு இன்னொரு குன்று இல்லாமல் ஒண்டியாக நிற்குமே, அதுதான். நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது ஒரு தடவை பஸ் ஜன்னலில் கையை நீட்டி "அப்பா, அதுல ஏறலாமா" என்று கேட்டாய். ஆயிரம் படி, கால் கழன்று கையில் வந்துவிடும் என்று சொல்லி உன்னை உட்கார வைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கே இத்தனை வருஷம் இல்லை, அன்றைக்கு மலையில்தான் வந்தது.

கிளம்பியது பக்தியால் இல்லை என்பது உனக்குச் சொல்லாமலே தெரியும். டாக்டர் தினம் நடக்கச் சொன்னார், நம் தெரு நாய்கள் நடக்க விடவில்லை. அம்மா வேறு ரொம்ப நாளாக "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் சொல்கிற வாக்கியம் அது. காலையில் குளித்தலை கடம்பவனேசுவரர், உச்சிவேளையில் அய்யர்மலை ரத்தினகிரீசுவரர், சாயங்காலம் காவிரிக்கு அக்கரையில் முசிறிப் பக்கத்து ஈங்கோய்மலை, மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால் புண்ணியம் என்பார்கள். கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் அதற்கென்றே கூட்டம் வரும். நாங்கள் கூட்டத்துக்குப் பயந்து ஐப்பசியிலேயே போனோம்.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆறு மணிக்குக் கரூர் பஸ். ஜீயபுரம், பெருகமணி, பேட்டைவாய்த்தலை என்று காவிரி வலது பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும், நடுவில் வாழைத்தோப்பு மறைக்கும், மறுபடி தண்ணீர் தெரியும். ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. அம்மா டிக்கெட் வாங்கின கையோடு தூங்கிவிட்டாள்.

கடம்பர் கோயில் வடக்குப் பார்த்தது, ஆற்றைப் பார்த்து நிற்கிறார். லிங்கத்துக்குப் பின்னால் கருவறையிலேயே சப்தகன்னிகள் இருக்கிறார்கள், வேறு எங்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அம்மா அங்கே ஏழு பேருக்கும் தனித்தனியாக ஏதோ சொல்லிக்கொண்டு நின்றதில் ஒரு மணி நேரம் போனது. அப்புறம் இட்லி, அப்புறம் மணப்பாறை ரோட்டில் இன்னொரு பஸ். மலையடிவாரத்தில் இறங்கும்போது ஒன்பதே முக்கால். முதல் தப்பு அதுதான். ஏறுகிறவன் ஏழு மணிக்குள் முதல் படியில் கால் வைத்துவிட வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தது, அதனால் பாறை சூடாகாது என்று நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். பாறைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை, பதினொரு மணிக்குச் செருப்பில்லாத காலைச் சுட்டது.

2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. அம்மா யோசிக்கவே இல்லை, "நான் மேலே இருக்கேன், நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தயிர்சாதப் பை அவளிடம். என்னிடம் ஒரு பாட்டில் தண்ணீர், உப்பும் எலுமிச்சையும் கலந்த இன்னொரு பாட்டில், சட்டைப்பையில் கடலைமிட்டாய். சுகர் இறங்கினால் உடனே வாயில் போட வேண்டுமாம். ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கையில் வைத்திருந்தேன், ஐம்பதாவது படி தாண்டுவதற்குள் அது குரங்கிடம் போய்விட்டது. பறிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம், எதிரே வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வையில் நானே கொடுத்துவிட்டேன். கையில் எதையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. கேரி பையே கூடாது, சரசரத்தால் நாலு வரும்.

மொத்தம் 1017 படி. மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாருக்கு நானூறு சொச்சம், அதை இரண்டு தடவை ஏறி முடித்தாலும் இங்கே இன்னும் கொசுறு பாக்கி இருக்கும். சின்ன மலைதான், நீ போகிற மலைகள் பக்கத்தில் வைத்தால் இது மேடு. ஆனால் அறுபத்திரண்டு வயதில், நாற்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்தவனுக்கு மேடு என்ன, மலை என்ன. முதல் நூறு படியை இளவட்டம் மாதிரி ஏறினேன். இருநூறில் காது அடைத்தது. ஒரு மண்டபத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கி ரோப் காரில் போய் அம்மாவிடம் படியில் வந்ததாகச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன், உன்னிடம்தானே சொல்கிறேன், பரவாயில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவி வந்தாள். எழுபதுக்குக் கீழே இருக்காது. இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடம், மேலே ஒரு துணி கட்டியிருந்தது. காவிரித் தண்ணீர், அபிஷேகத்துக்கு வேண்டுதலாம். அந்தச் சாமிக்குத் தினமும் காவிரித் தண்ணீர்தான் போகும் என்று அவள்தான் சொன்னாள். ஆறு எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்கு மேல் இந்தப் படி. நிற்காமல் ஏறினாள். வேகமாகவும் இல்லை. ஒரு படியில் இரண்டு காலையும் வைப்பாள், அடுத்த படி, மறுபடி இரண்டு கால். தாண்டும்போது என்னைப் பார்த்து, "பேசிக்கிட்டே ஏற முடியுற மாதிரி ஏறு சாமி" என்றாள்.

பாப்பா, இதே வார்த்தையை நீ சொல்லியிருக்கிறாய். கர்நாடகத்தில் குமார பர்வத மலைக்குப் போய்விட்டு வந்து நம் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்கினால் நிற்கக் கூடாதுப்பா, வேகத்தைக் குறைக்கணும், பக்கத்தில் இருக்கிறவரோடு பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று சொன்னாய். நான் பேப்பரை இறக்காமலே, காசு கொடுத்துக் கால்வலி வாங்கிக்கொண்டு வந்து எனக்குப் பாடம் நடத்துகிறாயா என்று கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். பெண்பிள்ளை காட்டிலும் மலையிலும் சுற்றினால் நாளைக்கு யார் கேட்பார்கள் என்று வேறு சொன்னேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய், பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வாரம் அம்மாவிடம் மட்டும் பேசினாய்.

அது தப்பு. அன்றைக்கே தெரியும் தப்பு என்று, வாயில் வரவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்து எலுமிச்சைத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான், இந்தப் பிள்ளை ஒரு விஷயத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு வந்து ஆசையாக நம்மிடம் சொன்னது, நாம் அதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்று உறைத்தது. ஒரு கிழவி சொன்னால் கேட்கிறேன், நீ சொன்னால் கேட்கவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ சங்கடப்படுவாய், இருந்தாலும் எழுதிவிட்டேன். போனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சரி, மலைக்கு வருகிறேன். அதற்கு மேல் நீங்கள் இரண்டு பேரும் சொன்ன மாதிரியே ஏறினேன். பக்கத்தில் ஆள் இல்லாததால் படிகளை எண்ணினேன், வாய்விட்டு. எண்ண முடிகிறவரை வேகம் சரி. நாக்குக் குழறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நூறு படிக்கு ஒரு வாய் தண்ணீர். இந்தத் தடவை தூணைத் தேடவில்லை. மேலே போய்ச் சேர மொத்தம் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது, இருபது வயதுப் பையன்கள் அரை மணியில் போகிறார்கள், போகட்டும்.

மேலே அம்மா நிழலில் முந்தானையால் விசிறிக்கொண்டு, பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தலபுராணம் கேட்டுக்கொண்டிருந்தாள். வடக்கேயிருந்து வந்த ஒரு ராஜா ரத்தினம் கேட்டு வந்தானாம், சுவாமி வேதியராக வந்து ஒரு கொப்பரையைக் காட்டி, காவிரித் தண்ணீரால் இதை நிரப்பு, தருகிறேன் என்றாராம். ஊற்ற ஊற்ற நிரம்பவே இல்லை. ராஜாவுக்குக் கோபம் வந்து வாளை வீசிவிட்டான், அந்தத் தழும்பு லிங்கத்தின் தலையில் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். அதனால்தான் மலைக்கு வாட்போக்கி என்று பேர், அப்பர் பாடியிருக்கிறார். நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியோடு ஒவ்வொரு கோடையிலும் மல்லுக்கு நிற்பவன் என்கிற முறையில் எனக்கு அந்த ராஜா மேல் பரிதாபம்தான் வந்தது.

இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பதினோரு செட்டியார்கள் கூட்டாக வியாபாரம் செய்து, வந்த பணத்தைப் பங்கு போட உட்கார்ந்தால், எப்படிப் பிரித்தாலும் பன்னிரண்டு பங்காகவே வந்ததாம். பன்னிரண்டாவது பங்கு சாமிக்கு. அதனால் சாமிக்குப் பன்னிரண்டாம் செட்டியார் என்று பேர். கணக்கில் உதைத்தால் சாமியையே பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்கள், ஆடிட்டருக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது.

காகம் இந்த மலை மேல் பறக்காது என்பார்கள். அபிஷேகப் பாலை ஒரு காகம் கவிழ்த்துவிட்டதால் வந்த சாபமாம். சோதித்துப் பார்க்கலாம் என்று தயிர்சாதம் சாப்பிட்ட நேரம் முழுக்க வானத்தைப் பார்த்தேன். ஒரு காகம்கூட வரவில்லை, நிஜமாகவே. கீழே ஊரில் அத்தனை காகம் இருந்தது. குரங்குகளுக்குப் பயந்து வராமல் இருக்கும் என்று சொன்னேன், அம்மா முறைத்தாள்.

சன்னதிக்குள் கூட்டம் அதிகமில்லை. சுவாமி மேற்குப் பார்த்தவர். அம்மன் பெயர் சுரும்பார் குழலி, வண்டு மொய்க்கிற கூந்தல்காரி. பேரைக் கேட்டதுமே நீ வீட்டில் தலை பின்னிக்கொள்ள மறுத்து அடம்பிடித்த காலம் ஞாபகம் வந்தது.

வெளியே வந்து பாறை விளிம்புக்குக் கொஞ்சம் இப்பால் நின்றோம். வடக்கே பார்த்தால் அகண்ட காவிரி, வெள்ளி மாதிரி என்றெல்லாம் எழுதமாட்டேன், சேற்று நிறத்தில்தான் இருந்தது, ஆனால் அகலம்! பாலத்தில் போகிற பஸ் கடைசி வரை போய்ச் சேரவே இல்லை என்று தோன்றியது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பாய்கிற இடம் வரை வாழையும் நெல்லுமாக ஒரே பச்சை. திரும்பித் தெற்கே பார்த்தால் பனைமரமும் காய்ந்த மேட்டு நிலமும். தண்ணீர் எங்கே நின்றுபோகிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாக அந்த ரோட்டில் போய் வந்தவன், இவ்வளவுதான் பச்சை என்பது ஏறிப் பார்த்த அன்றுதான் தெரிந்தது.

இறங்குவதுதான் கஷ்டம், இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஏறும்போது மூச்சுதான் போகிறது, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் கனம் முழுக்க முட்டியிலும் தொடையிலும் விழுகிறது. அம்மா ரோப் காரில் கூப்பிட்டாள், வீராப்பில் மறுத்துவிட்டேன். கடைசி இருநூறு படியைப் பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி இறங்கினேன். வலி அன்றைக்குத் தெரியவில்லை, மறுநாளும் அவ்வளவு இல்லை, மூன்றாம் நாள்தான் வந்து நின்றது.

அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். மூன்றாவதையும் பார்த்தே தீருவேன் என்று அம்மா பிடிவாதம். பாலம் தாண்டி முசிறி, அங்கே ஒரு ஆட்டோ, வழியில் கோரை காய்ந்துகொண்டிருந்தது, பாய் நெய்கிற ஊர் அல்லவா. ஈங்கோய்மலை அடிவாரத்தில் இறங்கும்போது ஐந்து மணி. அகத்தியர் ஈயாக மாறிப் போய்க் கும்பிட்ட மலையாம். நான் அண்ணாந்து படியைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். ஈயாக மாறினால் ஒழிய என்னால் முடியாது என்றேன். கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம், அம்மாவுக்கு மனசே ஆறவில்லை, பஸ்ஸில் பேசவே இல்லை.

அதனால் மூன்று கோயில் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம், அன்றைக்குப் பார்த்ததெல்லாம் சேராதாம். கார்த்திகையில் உனக்கு லீவு எப்போது என்று சொல். திங்கட்கிழமை வேண்டாம், மிதிபடுவோம், சனிக்கிழமை போதும். ராத்திரி ரயிலில் ஏறி வந்துவிடு, குளித்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம், கடம்பரிடம் அம்மாவுக்கு அரை மணிக்கு மேல் கிடையாது என்று நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நடக்காது. உன் பெரிய ஷூ வேண்டாம், கீழேயே கழற்றிப் போட வேண்டும். அந்த மடக்கு ஸ்டிக் இருக்கிறதே, இரண்டு வைத்திருப்பாயே, அதை மட்டும் எடுத்து வா. ஒன்று எனக்கு, இறங்கும்போது.

அப்பா