ஆண்டறிக்கை 2025–26: அசல் உத்தர் கரும்புக்காடும் பிற அலுவல்களும்

நம் மாடல் செய்வோர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், ஆட்சிக்குழுவினருக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், இன்று வாசலில் கட்டிவிட்டு உள்ளே வந்தவர்களுக்கும் வணக்கம்.

முதலில் இரங்கல். பிளாஸ்டிக் மாடல் பெட்டிகள் செய்யும் ஜப்பானின் தமியா நிறுவனத்தைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஷுன்சாகு தமியா 2025 ஜூலையில் 90 வயதில் காலமானார். நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் ஒட்டிய டாங்கி அவர்கள் ஊரான ஷிசுவோகாவிலிருந்து வந்த பெட்டிதான். நிஜத்தில் 35இல் ஒரு பங்கு, அதாவது 1/35 என்ற விசித்திரமான அளவே அவர்கள் வீட்டுச் சரக்கு. 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியைச் செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற மாதிரி உடலை வடிவமைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் 1/35 என்று வந்தது. உலகம் முழுக்க ராணுவ மாடல்காரர்கள் இன்றும் அந்த பேட்டரிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறோம்.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலை. ஆளுக்கொரு டாங்கி செய்து மேசையில் வரிசையாக வைப்பதை விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே டியோரமா, அதாவது நிலமும் ஆட்களும் கொண்ட ஒரு முழுக் காட்சி, செய்வது என்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்தது. எடுத்துக்கொண்ட களம் அசல் உத்தர். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம்கரண் அருகே நடந்த டாங்கிப் போர். பாகிஸ்தானின் 1ஆம் கவசப் படைப்பிரிவு அமெரிக்கப் பேட்டன் டாங்கிகளோடு வந்தது. எதிரே மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் 4ஆம் மலைப் படைப்பிரிவும், பிரிகேடியர் தியாகராஜின் 2ஆம் தனிக் கவசப் படையணியும் இருந்தன. நம் தரப்பில் செஞ்சுரியன், ஷெர்மன், ஏஎம்எக்ஸ்-13 என்று மூன்று விதமான டாங்கிகள். வாய்க்கால் கரையை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். டாங்கிகள் கரும்புக்குள் பதுங்கிக்கொண்டன. பேட்டன்கள் சேற்றில் சிக்கின.

முதலில் எல்லோரும் கேட்டது அப்துல் ஹமீதைத்தான். ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பின்னுதைப்பில்லாப் பீரங்கி, எதிரே எரியும் பேட்டன். 4ஆம் கிரெனேடியர்ஸைச் சேர்ந்த அவருக்குப் பரம் வீர் சக்கரம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது நமக்குத் தெரியும். ஆனால் நம் பலகை 3 அடிக்கு 2 அடி. 1/35இல் அது நிஜத்தில் 32 மீட்டருக்கு 21 மீட்டர், அதாவது ஒரு கல்யாண மண்டபம். ஒரு கிலோமீட்டர் தூரத்தை இந்த அளவில் காட்ட கிட்டத்தட்ட 29 மீட்டர் நீளத்துக்கு மேசை வேண்டும். சுடுபவரையும் சுடப்படுவதையும் ஒரே பலகையில் நெருக்கி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். அதனால் சண்டை ஓய்ந்த பிறகான காலை ஒன்றைத் தேர்ந்தோம்: சேற்றில் கைவிடப்பட்ட பேட்டன், மூடிகள் திறந்து கிடக்கின்றன, நம் சிப்பாய்கள் சிலர் அதைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சடலம் எதுவும் வைக்க வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

பேட்டனில் பல வகை உண்டு. கடையில் எளிதில் கிடைப்பது எம்48ஏ3. அது டீசல் எஞ்சின் கொண்டது, வியட்நாமுக்குப் போனது. 1965இல் பாகிஸ்தானிடம் இருந்தவை பெட்ரோலில் ஓடிய எம்47, எம்48. ஆகவே இத்தாலேரி நிறுவனத்தின் எம்47 மாடல் பெட்டிக்குச் சொல்லிவைத்தோம். அது கைக்கு வந்து சேர்வதற்குள் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) கவச வாகன அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த உறுப்பினர்கள் எடுத்த படங்கள் பெரிதும் உதவின.

உண்மையில் இந்த ஆண்டு நாம் செய்தது கரும்பு சாகுபடி. நிஜக் கரும்பு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் தடிமன் என்றால் நமக்கு வேண்டியது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பித்தளைக் கம்பி வாங்கலாம் என்று பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தபோது, ஓர் உறுப்பினரின் மனைவி தென்னந்துடைப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஈர்க்கின் நுனிப்பகுதி அச்சாக அந்தத் தடிமன்! உயரம் ஏழெட்டு சென்டிமீட்டர். காகிதத்தை ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சீவி, நுனியைக் கூராக்கி, விரலால் இழுத்து வளைத்தால் தோகை. கீழ்த் தோகைகளுக்குக் காய்ந்த வைக்கோல் நிறம், மேலே பச்சை. முதல் கரும்புக் கட்டுக்கு வர்ணம் அடித்தவர் கருஞ்சிவப்பில் அடித்துக் கொண்டுவந்தார். பொங்கல் கரும்பு, அண்ணே! வடக்கே ஆலைக்குப் போவது பச்சையும் மஞ்சளும் கலந்த மெல்லிய ஜாதி என்று புரியவைத்து மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. செங்கல்பட்டுச் செம்மண்ணைச் சலித்துக் கொண்டுவந்தவருக்கும் இதே கதி. பஞ்சாபின் வண்டல் சாம்பல் கலந்த பழுப்பு.

தண்ணீருக்கு, ஊற்றியபின் தெளிவாக இறுகும் பிசினான எபாக்ஸி ரெசின். ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். இரண்டு மூன்று மில்லிமீட்டராக அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். வயல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்காது என்பதால் மண் நிறத்தைக் கீழடுக்கில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் கலந்தோம். ரெசின் ஈர்க்குகளின் மேல் தானாக ஏறிப் பளபளப்பதுதான் பெரிய தலைவலி. முன்னதாகவே வார்னிஷ் அடித்து ஈர்க்கை அடைத்தால் ஓரளவு குறைகிறது. ஓரத்தில் கட்டிய தடுப்பு ஒருமுறை கசிந்ததில் சங்க அறையின் தரையில் ஒரு மூலை இப்போது நிரந்தரமாக மின்னுகிறது. வீட்டு உரிமையாளர் அதைப் பளிங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உறுப்பினர்கள் அப்படியே விடவும்.

மனிதர்கள் ஐந்து சென்டிமீட்டர் உயரம். பெட்டியில் வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் உடலை வைத்துக்கொண்டு, குழாய் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையில் தலைப்பாகையும் மடித்துவிட்ட சட்டைக் கையும் செய்தோம். எம்-சீல் சீக்கிரம் இறுகுகிறது, மடிப்புகளுக்கு அவகாசம் தருவதில்லை. ஆனால் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. நிற்கிற நிலைதான் கடினம். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடுவதுபோல் அச்சடித்த உருவத்தை, களைத்துப்போய் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவனாக மாற்ற இடுப்பை அறுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்த இளைய உறுப்பினரைக் குழு பாராட்டுகிறது.

டாங்கியைச் செய்தவருக்கு ஒரு மனக்குறை உண்டு. சக்கரங்களுக்கும் சங்கிலிக்கும் துரு, எண்ணெய்க் கசிவு, தேய்ந்த ரப்பர் என்று மாதக்கணக்கில் உழைத்தார். 46 டன் வண்டி சேற்றில் இறங்கினால் இவை எதுவும் தெரியாது. ‘கொஞ்சம் மேலே தூக்கி வைக்கலாமே’ என்றார். வாக்கெடுப்பில் தோற்றார். பாதிச் சக்கரம் வரை ரெசினுக்குள் போய்விட்டது. என் கருத்தில் அதுதான் சரி. அந்த மூன்று நாளும் பேட்டனைத் தோற்கடித்ததில் பாதி மண்ணின் வேலை. மண் டாங்கியை விழுங்குவது தெரியாவிட்டால் அது சும்மா புல்தரையில் நிறுத்திய பொம்மை. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

பெயர்ப் பலகையில் ‘பேட்டன்களின் சுடுகாடு’ என்று எழுத ஒரு தீர்மானம் வந்தது. விவாதத்துக்குப் பின் இடமும் தேதியும் மட்டும் போதும் என்று முடிவானது.

ஜனவரிக் கண்காட்சி நல்லபடியாக நடந்தது. மழைக்காலத்தில் மேட் வார்னிஷ் அடித்தவர்களின் மாடல்கள் வெண்பூத்துப் போயிருந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். ஈரப்பதம் குறையும்வரை பொறுக்கவும். வர்ணத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் பயன்படுத்துபவர்கள் முகக்கவசம் இல்லாமல் சங்க அறையில் அடிக்கக் கூடாது என்பது இனி விதி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ரெசின் செலவைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம், துடைப்பத்தில் மிச்சம் பிடித்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கு ஆட்சிக்குழுவின் பரிந்துரை, இந்தியாவில் தயாரான விஜயந்தா டாங்கி. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி 1965 டிசம்பரில் வெளிவந்தது. பிளாஸ்டிக் தாளில் வெட்டி முழுதாகக் கையாலேயே செய்வதாகத் திட்டம். மூன்று நான்கு பேர் வரைபட வேலைக்குத் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லவும். அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்