முந்நூறு தட்டுத்தானே என்கிறாய்

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் உளைவு பரவாயில்லை. பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காய் விற்கிற விலையைக் கேட்காதே. ஞாயிறு மாமா வந்தவர், சீட்டுக் கதை எடுத்தார். நான் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன்.

நீ தொடங்கின சின்ன இசைக் கம்பெனியில் போட்டு அனுப்பிய இசைத்தட்டு கிடைத்தது. துணி கட்டின சட்டம் வைத்துக் கையால் மை இழுத்து அச்சடித்த உறையாம். நீலம் ஓரிடத்தில் சிவப்புக்கு மேலே ஏறி நாவல்பழ நிறமாகிக் கிடக்கிறது. அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. பாட்டு வெறும் இரைச்சல், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பின்பக்கத்தில் உன் பெயர் இருக்கிறதே! மச்சாள் வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன்.

300 தட்டுத்தானே என்கிறாய். சரி. தட்டு அடிக்கிற ஆலைக்கு முதலே காசு கட்ட வேண்டும். பாட்டு எழுதினவர்களுக்காக வசூலிக்கிற சாசெம் சங்கத்துக்கு உரிமைப் பணம், தபால் செலவு, விற்கிற விலைக்குள்ளே 20 சதவீத வரி. கடைக்காரர் வாங்கி வைப்பார், விற்றால்தான் தருவார். அதுவரை நீ எதைச் சாப்பிடுகிறாய்?

கேட்டால் போர்ன் பாட் என்ற சின்ன இசைக் கம்பெனியின் கதை சொல்வாய். ஈஎம்ஐ என்ற பெரிய இசைக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் அதை 2006 இல் தனியாகத் தொடங்கி இன்றைக்கும் நிற்கிறார்தான். அவர் தொழிலை உள்ளே இருந்து பழகிவிட்டு வந்தவர், தம்பி. நீ கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் போனவன். மனோ நெக்ரா என்ற பாட்டுக் குழுவின் கதையும் நீ சொன்னதுதான். 1988 இல் அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் போட்டது பூஷ்ரி என்ற சின்னக் கம்பெனி. அடுத்த வருடமே அவர்கள் வெர்ஜின் என்ற பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள். உன் தட்டில் பாடின பெடியளும் அப்படிப் போனால்? சிநேகிதர்தான், இருக்கட்டும். எழுத்தில் வாங்கு.

நீ இருக்கிற ரென் நகரில் குளிர் தொடங்கியிருக்கும். டிசம்பரில் அங்கே நடக்கிற திரான்ஸ் மியூசிக்கால் இசை விழா முடிந்தபின் வருகிறேன் என்றாய். போன வருடமும் அதையேதான் சொன்னாய். தங்கச்சிக்கு மட்டும் மெசேஜ் போடத் தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு. எழுத்தில் வாங்கு, மறக்காதே.

வரும்போது 300 இல் எத்தனை மிச்சம் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வா. சீட்டை எவ்வளவு கழித்து எடுத்தாய் என்பதையும் அதிலேயே எழுது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. மாமாவின் வாயை ஜனவரி வரைக்கும்தான் என்னால் மூடி வைக்க முடியும்.

அம்மா